சீசன் முடிந்துவிட்டது, நவம்பர் வரை பையன் என்ன செய்ய வேண்டும்? (கூடைப்பந்து, 10ஆம் வகுப்பு, ஜே.வி.)

ஃப்ரிஸ்கோகாரன் | மார்ச் 8, இரவு 10:41

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பகுதியில் விசாவும் வீட்டுக்கடனும்தான் ஓடும் என்று தெரியும், தலைப்பைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

மகன் 10ஆம் வகுப்பு. பள்ளியின் ஜே.வி. (இரண்டாம் நிலை) கூடைப்பந்து அணியில் இருந்தான். உயரம் 5 அடி 9 அங்குலம், எடை 58 கிலோ. போன மாதம் சீசன் முடிந்தது. கடைசி நாள் கோச் ஒவ்வொரு பையனையும் தனியாகக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசியிருக்கிறார். காரில் ஏறியதும் கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா." வீடு வந்து சேரும்வரை ஒண்ணுமில்லைதான். ராத்திரி தோசைக்கு இரண்டாம் தடவை சட்னி கேட்கும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எனக்கு லெஃப்ட் ஹேண்டே இல்லையாம்."

அடுத்த வருஷம் வார்சிட்டியில், அதாவது பள்ளியின் முதன்மை அணியில், இடம் பிடிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அப்பாவின் ஆசை என்று யாராவது எழுதுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: நான் கிரிக்கெட் ஆள். மூன்று புள்ளிக் கோடு எங்கே இருக்கிறது என்பதே அவன் காட்டித்தான் தெரியும்.

பள்ளிக்கு வெளியே ஊர் ஊராகப் போட்டிகளுக்கு அழைத்துப்போகும் ஒரு ஏ.ஏ.யூ. கிளப் மார்ச் முதல் ஜூலை வரைக்கும் 1,900 டாலர் கேட்கிறது. பயணம், ஹோட்டல் தனி. அதே பணத்துக்குத் தனிப் பயிற்சியாளரிடம் போனால், மணிக்கு 70 டாலர் என்று வைத்து 27 மணி நேரம் வருகிறது. இரண்டும் என்னால் முடியாது, சின்னவளுக்கு ஆகஸ்டில் அரங்கேற்றம். எதில் போடலாம்?

---

மூன்றாம் பெஞ்சு | மார்ச் 8, இரவு 11:02

அரங்கேற்றத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று முதலில் சொல்லுங்கள். 1,900 டாலர் பெரிய தொகையா சின்னத் தொகையா என்று அப்புறம் பேசலாம்.

---

சியாட்டில் மழை | மார்ச் 9, காலை 7:15

யோசிக்கவே வேண்டாம், கிளப்பில் சேருங்கள். என் பெரியவன் இப்போது ஒரு டிவிஷன் 3 (கல்லூரி விளையாட்டின் மூன்றாம் அடுக்கு) கல்லூரியில் ஆடுகிறான், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பள்ளிச் சீசனில் எதிரே நிற்பவர்கள் பக்கத்து ஊர்ப் பையன்கள். கிளப் போட்டியில் மூன்று மாநிலம் தாண்டி வந்தவன் மேலே விழுந்து டிஃபென்ஸ் செய்வான். அந்த வேகத்தைக் கண்ணால் பார்க்காமல் வளர முடியாது. தனிப் பயிற்சியாளர் என்ன செய்வார்? ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக வைத்து வளைந்து வளைந்து பந்து தட்டச் சொல்வார். கூம்பு பந்தைப் பறிக்க வராது. இன்னொன்று, கல்லூரிக் கோச்சுகள் பையன்களை நேரில் வந்து பார்க்க, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. அனுமதிக்கும் நாட்களில் சில ஏப்ரலிலும் ஜூலையிலும் வருகின்றன. அவர்கள் பெரும்பாலும் பார்க்க வருவது கிளப் போட்டிகளைத்தான். உங்கள் வீட்டு டிரைவ்வேக்கு யாரும் வரப்போவதில்லை.

---

கொடைரோடு | மார்ச் 9, இரவு 9:48

சியாட்டில் அண்ணன் மேல் மரியாதை உண்டு, ஆனால் இந்தப் பையன் விஷயத்தில் ஒத்துப்போக முடியவில்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். தேனிப் பக்கம் பிறந்தவன். சின்ன வயதில் மே மாதம் என்றால் பெரியகுளம் அகில இந்தியப் போட்டி. ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ரயில்வே, ராணுவம், வங்கி அணியெல்லாம் ஆடுவதைக் கூட்டத்தில் ஒண்டிக்கொண்டு பார்ப்போம். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பள்ளி மைதானத்தில் சிமெண்டுத் தரையில் அதையே செய்து பார்த்து முட்டியைப் பெயர்த்துக்கொள்வோம். கல்லூரி அணிவரை வந்தேன், அதற்கு மேல் போகவில்லை. இப்போது அட்லாண்டா பக்கம் ஒரு பொழுதுபோக்கு மையத்தில் 7ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை கோச்.

போன கோடையில் அக்கா மகனின் கிளப் போட்டிக்குக் கூடப் போயிருந்தேன். ஒரு வார இறுதியில் ஐந்து ஆட்டம். வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பதற்குப் பதில் சின்ன நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். ஐந்து ஆட்டத்திலும் சேர்த்து அவன் போட்ட ஷாட் 14. இடது கையால் பந்து தட்டியது 9 தடவை. இதற்கு இரண்டு நாள், மூன்று மணி நேரக் கார்ப் பயணம், வாசலில் பெற்றோர் தலைக்கு 15 டாலர் டிக்கெட். கடிகாரம் நிற்காமல் ஓடும் ஆட்டம், பெஞ்சில் 13 பேர், பந்து எப்போதும் கோச்சின் மகன் கையில். தன் பலவீனத்தை அங்கே எந்தப் பையன் சோதித்துப் பார்ப்பான்? வெளியே உட்காரவைத்துவிடுவார்களே. தெரிந்ததையே திரும்பச் செய்வான். வலது கைக்காரன் இன்னும் கொஞ்சம் வலது கைக்காரனாகித் திரும்பி வருவான்.

கல்லூரிக் கோச் பார்ப்பது பற்றி: என்.சி.ஏ.ஏ.வே வெளியிடும் கணக்கில், உயர்நிலைப் பள்ளியில் கூடைப்பந்து ஆடும் பையன்களில் மூன்று டிவிஷனும் சேர்த்துக் கல்லூரி அணிக்குப் போகிறவர்கள் சுமார் 3.5 விழுக்காடு. டிவிஷன் 1 மட்டும் என்றால் 1 விழுக்காடு. டிவிஷன் 3இல் விளையாட்டுக்காக உதவித்தொகையே கிடையாது, அண்ணனுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். ஜே.வி.யில் இருக்கும் 10ஆம் வகுப்புப் பையனை ஜூலையில் யார் வந்து பார்க்கிறார்கள் என்பது இப்போதைக்குத் தேவையில்லாத கவலை.

ஃப்ரிஸ்கோ சார், உங்களுக்குக் கிடைத்த பொருளின் மதிப்பை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. அந்தக் கோச் "நல்லா ஆடினே, இன்னும் உழைக்கணும்" என்று பொதுவாகச் சொல்லி அனுப்பியிருக்கலாம். அப்படிச் சொல்லாமல் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். எட்டு மாதத்துக்கு ஒரே பாடம், அதுவும் தேர்வுத்தாளைத் திருத்தப்போகிறவரே சொன்ன பாடம்.

இடது கையை எப்படிக் கொண்டுவருவது என்று நாளை எழுதுகிறேன், இங்கே குழந்தை தூங்கவில்லை.

---

சியாட்டில் மழை | மார்ச் 10, காலை 6:50

> பந்து எப்போதும் கோச்சின் மகன் கையில்

இதை மறுக்க மாட்டேன், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் எல்லாக் கிளப்பும் ஒன்றல்ல. சேருவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: அணியில் எத்தனை பேர், வாரத்துக்கு எத்தனை நாள் பயிற்சி, கோச் யாருடைய அப்பா. பத்துப் பேர், வாரம் இரண்டு நாள் பயிற்சி, யாருக்கும் சொந்தக்காரர் இல்லாத கோச் என்றால் பணம் போடலாம்.

---

கொடைரோடு | மார்ச் 10, இரவு 10:20

சொன்னபடி எழுதுகிறேன். நீளமாக வரும்.

இடது கை லே-அப் (ஓடிவந்து வளையத்துக்குப் பக்கத்தில் எம்பிப் போடுவது) வரவில்லை என்றால் எல்லோரும் கையைப் பார்க்கிறார்கள். நான் பார்த்தவரை பத்தில் எட்டுப் பிள்ளைகளுக்குக் காலில்தான் கோளாறு. இடது கையால் போடும்போது வலது காலால் எம்ப வேண்டும், இடது முழங்கால் மேலே வர வேண்டும். இவர்கள் பழக்கத்தில் இடது காலாலேயே எம்புவார்கள், உடம்பு திருகிக்கொள்ளும், பந்து பலகையின் விளிம்பில் போய் அடிக்கும். அதனால் முதல் வாரம் பந்தே வேண்டாம். வளையத்துக்கு இடது பக்கம் நின்று, ஒரு அடி, எம்பு, இடது கையால் பலகைச் சதுரத்தின் மேல் மூலையைத் தொடுவது போல நீட்டு. ஒரு நாளைக்கு முப்பது. பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் போலத் தெரியும், தெரியட்டும்.

இரண்டாம் வாரம் மைக்கன் டிரில். ஜார்ஜ் மைக்கன் 6 அடி 10 அங்குலம், டீபால் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது தடுமாறி நடக்கிற ஆள். 1940களில் அங்கே கோச்சாக இருந்த ரே மேயர் அவரை வளையத்துக்கு அடியில் நிறுத்தி, வலது பக்கம் வலது கை, இடது பக்கம் இடது கை, பந்து தரையில் விழாமல் மாறி மாறிப் போடவைத்தார். அந்தப் பயிற்சிக்கு இன்றும் அவர் பெயர்தான். ஒரு நிமிடத்தில் எத்தனை விழுகிறது என்று எண்ணுங்கள். என் 7ஆம் வகுப்புப் பிள்ளைகள் தொடக்கத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று போடுவார்கள். உங்கள் மகன் 30ஐத் தாண்டினால் அடுத்ததற்குப் போகலாம்.

மூன்றாவதுதான் முக்கியம், சியாட்டில் அண்ணன் சொன்ன கூம்புப் பிரச்சினைக்கும் இதில் பதில் இருக்கிறது. ஒருவருக்கு ஒருவர் ஆட்டம், ஆனால் இவனுக்கு ஒரு விதி: இடது கையால் மட்டும், மூன்று தட்டுக்குள் முடிக்க வேண்டும். வலது கை பட்டால் பந்து எதிராளிக்கு. தன்னைவிடக் கொஞ்சம் கெட்டிக்காரனோடு ஆடினால் முதல் மாதம் எல்லாவற்றிலும் தோற்பான். தோற்கட்டும், அங்கே ஸ்கோர் போர்டு கிடையாது.

ஷாட்டுக்கு ஒரு சின்ன வேலை. பழைய பந்து ஒன்றை எடுத்து, நடுவில் சுற்றிலும் வெள்ளை மின்நாடா (இன்சுலேஷன் டேப்) ஒட்டுங்கள். ஷாட் போகும்போது அந்தக் கோடு நேராகப் பின்னோக்கிச் சுழன்றால் சரி. தள்ளாடினால், பிடித்துக்கொடுக்க வேண்டிய கையின் கட்டைவிரல் கடைசி நொடியில் பந்தைத் தள்ளுகிறது. இதை நாம் வாயால் சொன்னால் பையன் நம்ப மாட்டான், கோடு தள்ளாடுவதைப் பார்த்தால் அவனே நிறுத்திக்கொள்வான். எறிந்த கணக்கு வேண்டாம், விழுந்த கணக்கை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

ப்ரீ த்ரோவையும் (ஃபவுலுக்குக் கிடைக்கும், யாரும் தடுக்காத ஷாட்) விடாதீர்கள். 2023-24 முதல் தேசிய உயர்நிலைப் பள்ளிக் கூட்டமைப்பின் விதியில் பழைய "ஒன்று விழுந்தால் இன்னொன்று" முறை போய்விட்டது. ஒரு காலாட்டத்தில் (ஆட்டத்தின் நான்கில் ஒரு பகுதி) எதிரணி ஐந்து ஃபவுல் தொட்டால் நேரடியாக இரண்டு ஷாட். மூச்சிரைக்கும்போது பத்து ப்ரீ த்ரோவில் எட்டுப் போடுகிற பையனை எந்தக் கோச்சும் கடைசி இரண்டு நிமிடத்தில் வெளியே உட்காரவைக்கத் தயங்குவார். நின்று நிதானமாக நூறு போடுவதால் பலனில்லை, இரண்டு தடவை மைதானம் ஓடிவிட்டு வந்து இரண்டு இரண்டாகப் போட வேண்டும்.

---

மூன்றாம் பெஞ்சு | மார்ச் 10, இரவு 10:55

மின்நாடா ஒட்டுவதற்கு என் பையனின் பந்தைத் தொட்டேன். புதுப் பந்தாம். அரை மணி நேரமாகப் பேச்சுவார்த்தை இல்லை. "பழைய பந்து" என்று அவர் எழுதியதைக் கவனித்துப் படியுங்கள் மக்களே.

---

எடிசன் அம்மா | மார்ச் 11, மதியம் 1:30

நான் பிசியோதெரபிஸ்ட். மகள் 11ஆம் வகுப்பு, பள்ளி அணியில் ஆடுகிறாள். இவ்வளவு படித்தும் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். இந்தப் பையன் எப்போது ஓய்வெடுப்பான்? நவம்பரிலிருந்து ஆடிவிட்டு இப்போதுதான் நிறுத்தியிருக்கிறான்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாதெமி 2016இல் சொன்னது: ஒரே விளையாட்டை ஆடும் பிள்ளைக்கு வாரத்தில் ஒன்றிரண்டு நாள் விடுப்பு, வருஷத்தில் மொத்தம் மூன்று மாதம் அந்த விளையாட்டிலிருந்து விலகல். தொடர்ந்து மூன்று மாதம் என்று அர்த்தமில்லை, ஒவ்வொரு மாதமாகப் பிரித்துக்கொள்ளலாம். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வும் தேசியக் கூடைப்பந்து அமைப்பான யூ.எஸ்.ஏ. பாஸ்கெட்பாலும் சேர்ந்து போட்ட வழிகாட்டியில் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை வாரத்துக்கு இரண்டு மூன்று ஆட்டம், பயிற்சியும் ஆட்டமும் சேர்த்து 14 மணி நேரம் என்று இருக்கிறது. கொடைரோடு அண்ணா எண்ணிய அந்த ஒரு வார இறுதியிலேயே ஐந்து ஆட்டம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

என்னிடம் வரும் பையன்களில் முக்கால்வாசிப் பேருக்கு முட்டிச்சில்லுக்குக் கீழே இருக்கும் எலும்பு மேட்டில் வலி. எலும்பு வேகமாக வளரும் வயதில் தொடைத் தசையின் நாண் அந்த இடத்தைப் பிடித்து இழுப்பதால் வருவது. ஓஸ்குட்-ஷ்லாட்டர் என்று பெயர். பயப்பட வேண்டியதில்லை, வளர்ச்சி முடிந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் அந்த வலியோடு ஜூலையில் ஒரே நாளில் மூன்று ஆட்டம் ஆடவிடும் அப்பாக்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். "தைலம் தேய்ச்சுட்டேன் மேடம், சரியாயிடும்" என்பார்கள்.

பெண் பிள்ளைகள் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக: முழங்காலின் உள்ளே எலும்புகளைப் பிணைக்கும் ஏ.சி.எல். தசைநார் அறுவது கூடைப்பந்தில் பையன்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் நடக்கிறது. குதித்து இறங்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தால் அந்த ஆபத்து குறைகிறது. என் மகளை நாற்காலி உயரத்திலிருந்து இறங்கச் சொல்லி எதிரிலிருந்து படம் எடுத்துக் காட்டினேன். இரண்டு முட்டியும் உள்பக்கம் சாய்ந்து ஒன்றையொன்று தொடப் பார்த்தன. ஆறு வாரம், வாரம் மூன்று நாள், பதினைந்து நிமிடம். இப்போது இறங்கும்போது முட்டி பாதத்துக்கு நேராக நிற்கிறது, சத்தமும் குறைந்துவிட்டது. ஆஃப் சீசனில் செய்ய இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது. எதுவும் செலவில்லை.

---

ஃப்ரிஸ்கோகாரன் | மார்ச் 11, இரவு 9:10

எல்லோருக்கும் நன்றி. கிளப்புக்கு போன் போட்டு அந்த மூன்று கேள்வியையும் கேட்டேன். 14 பேர், வாரம் ஒரு நாள் பயிற்சி. மூன்றாம் கேள்விக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மௌனம். விடை கிடைத்துவிட்டது.

எடிசன் அக்கா, மூன்று வாரம் பந்தைத் தொடாதே என்று சொல்லிவிட்டேன். முகம் தொங்கிப்போனது. பள்ளியில் தடகள அணியோடு ஓடட்டும் என்று அனுப்பியிருக்கிறேன்.

அப்புறம் ஒரு சந்தேகம். கோச்சையே கோடையில் சொல்லிக்கொடுக்கச் சொல்லிக் கேட்கலாமா?

---

கொடைரோடு | மார்ச் 11, இரவு 9:35

கேட்கலாம், ஆனால் அவர் கையும் கட்டப்பட்டிருக்கும். ஆஃப் சீசனில் பள்ளிக் கோச் எவ்வளவு நேரம் சொல்லிக்கொடுக்கலாம், எந்த வாரங்களில் தொடவே கூடாது என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பள்ளியின் அத்லெடிக் டைரக்டரிடம் கேட்டால் தெளிவாகச் சொல்வார். உங்கள் டெக்சாஸில் ஒரு வசதி, பள்ளி நேரத்துக்குள்ளேயே அத்லெடிக்ஸ் பீரியட் உண்டு. அதில் பையன் எப்படி வேலை செய்கிறான் என்பதைக் கோச் தினமும் பார்ப்பார். எடை அறையில் கடைசி ஆளாகக் கிளம்புகிறவனை ஞாபகம் வைத்துக்கொள்வார்.

---

ஆஸ்டின் தம்பி | மார்ச் 12, அதிகாலை 1:12

வணக்கம். நான் இங்கேயே வளர்ந்தவன், இப்போது கல்லூரி மூன்றாம் வருஷம். தமிழ் வாசிப்பேன், எழுதக் கஷ்டம், குரலில் சொல்லி எழுதவைக்கிறேன். தப்பு இருந்தால் மன்னிக்கவும். நீங்கள் எல்லோரும் அப்பா அம்மாவாகப் பேசுகிறீர்கள். நான் அந்தப் பையனாக இருந்தேன்.

10ஆம் வகுப்பில் ஜே.வி., 11இல் வார்சிட்டி பெஞ்சு, 12இல் பாதி ஆட்டங்களில் தொடக்க ஐவரில் ஒருவன். என்னை உள்ளே கொண்டுபோனது ஷாட் இல்லை, டிஃபென்ஸ். எங்கள் அணியில் நன்றாக ஷாட் போடுகிறவர்கள் ஏழு பேர் இருந்தார்கள். எதிரணியின் நல்ல பிளேயரைத் துரத்த யாருக்கும் ஆசை இல்லை. 11ஆம் வகுப்புக் கோடையில் க்ளோஸ்-அவுட் மட்டும் பழகினேன். ஷாட் போடப்போகிறவனை நோக்கி வேகமாக ஓடிப்போய், கடைசி இரண்டு அடியில் சின்னச் சின்ன அடி வைத்து நின்று, கையைத் தூக்குவது. நிற்கத் தெரியாமல் ஓடினால் அவன் பக்கத்தில் தாண்டிப் போய்விடுவான். கேட்க போரடிக்கும். எனக்கு இடம் வாங்கிக்கொடுத்தது அதுதான்.

இன்னொன்று, பொழுதுபோக்கு மையத்தில் சாயங்காலம் ஆடும் 40 வயது மாமாக்களோடு ஆடச் சொல்லுங்கள். அவர்கள் ஓட மாட்டார்கள், குதிக்க மாட்டார்கள், ஆனால் இடுப்பால் இடித்து இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள். எங்கே நிற்க வேண்டும் என்று நான் அவர்களிடம்தான் கற்றேன். அங்கே தோற்றால் வெளியே உட்கார்ந்து இரண்டு ஆட்டம் காத்திருக்க வேண்டும், அதனால் யாரும் சும்மா ஆட மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று, அங்கிள் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காரில் கேட்காதீர்கள். என் அப்பா ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் காரில் கேட்பார். அவர் அன்பாகத்தான் கேட்டார். எனக்குப் பின் சீட்டில் தூங்குவது போல நடிக்க நன்றாக வந்துவிட்டது.

---

ஃப்ரிஸ்கோகாரன் | மார்ச் 12, காலை 8:02

தம்பி, உன் தமிழ் எங்கள் பலரின் தமிழைவிட நன்றாக இருக்கிறது. கார் விஷயம் மனதில் தைத்தது. இன்றிலிருந்து காரில் இளையராஜா மட்டும்.

---

வளைகுடா வாசு | மார்ச் 13, இரவு 11:20

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், கலிபோர்னியா. மைக்கேல் ஜோர்டனைப் பள்ளி அணியிலிருந்தே துரத்திவிட்டார்கள், அப்படிப்பட்டவரே உலக நாயகன் ஆனார். நம் பிள்ளைகளுக்கு அதைச் சொன்னாலே போதும்.

---

கொடைரோடு | மார்ச் 13, இரவு 11:44

துரத்தவில்லை சார். 1978இல் வில்மிங்டன் லேனி பள்ளியில் 10ஆம் வகுப்புப் பையனாக வார்சிட்டிக்கு எடுக்கப்படவில்லை, ஜே.வி.யில் போட்டார்கள். அவர் அப்போது 5 அடி 10 அங்குலம் அளவில்தான் இருந்தார், உயரமான ஆள் தேவை என்று வேறு பையனை எடுத்தார்கள். ஜே.வி.யில் ஒரு வருஷம் பந்து முழுக்க அவர் கையில், அப்புறம் உயரமும் வந்தது. வார்சிட்டி பெஞ்சில் அந்த வருஷத்தைக் கழித்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

உயரம் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? அந்தோணி டேவிஸ் பள்ளியில் கார்டாக (பந்தைத் தட்டிக் கொண்டுபோகும் ஆள்) ஆடிக்கொண்டிருந்தவர், திடீரென்று எட்டு அங்குலம் வளர்ந்து 2012இல் என்.பி.ஏ. அணிகள் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளாகப் போனார். குட்டையாக இருந்தபோது பழகிய பந்துக் கட்டுப்பாடு உயரத்தோடு கூடவே போனது.

---

சியாட்டில் மழை | மார்ச் 14, காலை 7:05

கதை என்றால் எனக்குப் பிடித்தது என்.பி.ஏ. நட்சத்திரம் ஸ்டெஃப் கரி கதை. பள்ளியில் இருந்தபோது இடுப்புப் பக்கத்திலிருந்து ஷாட்டைத் தள்ளிக்கொண்டிருந்தார். பெரிய ஆள் முன்னால் நின்றால் அந்த ஷாட் எடுபடாது. 11ஆம் வகுப்புக்கு முந்தைய கோடையில், என்.பி.ஏ.வில் 16 சீசன் ஆடிய அப்பா டெல் கரி அதை முழுக்கக் கலைத்துத் தலைக்கு மேலிருந்து போடவைத்தார். அந்தக் கோடை முழுக்கத் துயரம்தான் என்று ஸ்டெஃபே சொல்லியிருக்கிறார். முன்பு கண்ணை மூடிப் போட்டதெல்லாம் விழாமல் போயிற்று.

இதைச் சொல்வது எனக்கு எதிரான சாட்சிதான், தெரியும். ஒவ்வொரு வார இறுதியும் போட்டி இருந்தால் ஷாட்டைக் கலைத்துப் போட யாருக்கும் தைரியம் வராது. சரி, கொடைரோடு, பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு நான் நிற்கிறேன்: ஜூனிலிருந்தாவது அவனுக்கு உண்மையான ஆட்டம் வேண்டும், மாமாக்களோடாவது.

---

எடிசன் அம்மா | மார்ச் 14, மாலை 6:40

58 கிலோ என்று எழுதியிருந்தீர்களே, சைவமா? என்ன சாப்பிடுகிறான்?

---

ஃப்ரிஸ்கோகாரன் | மார்ச் 14, இரவு 8:15

முட்டை சாப்பிடுவான். மற்றபடி சாம்பார் சாதம், தயிர் சாதம். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே.

---

எடிசன் அம்மா | மார்ச் 14, இரவு 8:31

நம் வீட்டுச் சாம்பாரில் பருப்பைக் கரண்டி போட்டுத் தேட வேண்டும். உழைக்கிற விளையாட்டுப் பிள்ளைக்கு ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 1.2 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும், உங்கள் மகனுக்கு 70 கிராம். ஒரு முட்டை 6 கிராம். காலையில் இரண்டு முட்டை, மதியம் கெட்டிப் பருப்போ சுண்டலோ ஒரு கிண்ணம் நிறைய, பயிற்சி முடிந்ததும் பால், ராத்திரி பனீர் என்று போனால் பொடி டப்பா எதுவும் வாங்காமலே வந்துவிடும். எட்டு மணி நேரத் தூக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு வரை போனில் கரியின் வீடியோ பார்ப்பது பயிற்சியில் சேராது.

---

ஃப்ரிஸ்கோகாரன் | ஜூன் 15, இரவு 9:50

இழையை மேலே ஏற்றுகிறேன். மூன்று மாதக் கணக்கு.

ஏப்ரலில் தொடங்கினோம். மைக்கன் டிரில் ஒரு நிமிடத்துக்கு முதல் நாள் 17, நேற்று 34. ஒருவருக்கு ஒருவர் ஆட்டத்துக்குப் பக்கத்துத் தெருவில் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்த பையன் கிடைத்தான். இடது கை மட்டும் விதியில் முதல் இரண்டு வாரம் 11-0, 11-1, 11-0. இப்போது 11-6 வரை வருகிறான். மாமாக்களோடும் ஆடுகிறான். ஒரு மாமா இடித்ததில் உதடு கிழிந்தது. அம்மாவுக்குத் தெரியாது, இந்தத் தளத்தை அவள் படிப்பதில்லை என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

ஒரு மர்மம். டிரைவ்வேயில் ப்ரீ த்ரோ பத்துக்கு எட்டு. பொழுதுபோக்கு மையத்தில் பத்துக்கு ஐந்து, எல்லாம் வளையத்தின் பின்பக்கம் இடித்துத் திரும்புகிறது. பதட்டமா?

---

கொடைரோடு | ஜூன் 15, இரவு 10:08

உங்கள் டிரைவ்வே தெருவை நோக்கிச் சரிகிறதா? வளையம் கராஜ் பக்கம் இருக்கிறதா?

---

ஃப்ரிஸ்கோகாரன் | ஜூன் 16, காலை 7:30

காலையில் எழுந்து நூல் கட்டி அளந்தேன். கம்பத்தின் அடியிலிருந்து வளையம் சரியாக 10 அடி. அவன் நிற்கும் 15 அடித் தூரத்தில் தரை 5 அங்குலம் கீழே இருக்கிறது. மூன்று மாதமாக 10 அடி 5 அங்குல வளையத்துக்குப் பழகியிருக்கிறான். பொறியியல் படித்த எனக்கு இது தோன்றவே இல்லை.

---

மூன்றாம் பெஞ்சு | ஜூன் 16, காலை 7:41

நான் உடனே போய் அளந்தேன். 3 அங்குலம். என் பையன் போட்ட ஷாட் ஏன் விழவில்லை என்பதற்குக் கடைசியில் ஒரு காரணம் கிடைத்தது. பேச்சுவார்த்தை மீண்டும் தொடங்கியிருக்கிறது.

---

ஆஸ்டின் தம்பி | ஜூன் 16, பிற்பகல் 2:20

டிரைவ்வேயில் இடது கையும் வளையத்தடி வேலையும் செய்யட்டும் அங்கிள், அங்கே சரிவு பெரிதாகத் தெரியாது. தூர ஷாட் எல்லாம் ஜிம்மில் மட்டும். இரண்டு வாரத்தில் சரியாகிவிடும்.

---

ஃப்ரிஸ்கோகாரன் | ஆகஸ்ட் 24, இரவு 10:30

அரங்கேற்றம் நன்றாக முடிந்தது. (மூன்றாம் பெஞ்சு, தொகையைச் சொல்ல மாட்டேன்.)

பள்ளி திறந்துவிட்டது. எடை 62 கிலோ, உயரம் ஒரு அங்குலம் கூடியிருக்கிறது. ஜிம்மில் ப்ரீ த்ரோ பத்துக்கு ஏழுக்கு வந்துவிட்டது. அத்லெடிக்ஸ் பீரியடில் நடந்த நாலுக்கு நாலு ஆட்டத்தில் இடது பக்கமாகப் போய் லே-அப் போட்டிருக்கிறான். விழவில்லையாம், வளையத்தில் சுற்றி வெளியே வந்துவிட்டதாம். ஆனால் கோச் விசிலை வாயில் வைத்தபடியே ஒரு நொடி பார்த்தாராம். இதை அவனாகவே சொன்னான், காரில். நான் எதுவும் கேட்கவில்லை. அணிக்கு ஆள் எடுக்கும் டிரைஅவுட்டுக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது.

பணக் கணக்கு: தனிப் பயிற்சியாளரிடம் ஆறு மணி நேரம், 420 டாலர். பொழுதுபோக்கு மையச் சந்தா தனி. மின்நாடா 3 டாலர்.

---

கொடைரோடு | ஆகஸ்ட் 24, இரவு 11:15

மகிழ்ச்சி. இனி வலது கைக் கணக்கையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். என் பிள்ளைகளில் இரண்டு பேர் இடது கையிலேயே மூழ்கி, சீசன் தொடங்கும்போது வலது பக்கம் போகவே மறந்துவிட்டார்கள். செப்டம்பரிலிருந்து ஓட்டத்தையும் கூட்டுங்கள்.

---

ஃப்ரிஸ்கோகாரன் | ஆகஸ்ட் 27, இரவு 9:05

ஒரு உதவி. மகன் இந்த இழையைக் கண்டுபிடித்துவிட்டான். அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது, தமிழ்ப் பள்ளிக்குப் போகும் தங்கை உட்கார்ந்து முழுவதையும் வாசித்துக் காட்டியிருக்கிறாள், ஐந்து டாலர் வாங்கிக்கொண்டு. மற்றதெல்லாம் இருக்கட்டுமாம், சட்னி வரியை மட்டும் எடுக்க வேண்டுமாம். பழைய பதிவைத் திருத்த முடியுமா? கூடவே, உதடு கிழிந்த கதை அம்மாவுக்கும் போய்விட்டது.

---

மட்டுறுத்துநர் | ஆகஸ்ட் 27, இரவு 9:40

பதிவிட்ட 24 மணி நேரத்துக்குப் பிறகு திருத்த வழியில்லை. தம்பிக்கு எங்கள் வருத்தங்கள்.